காது கிழிந்த சாம்பல் குதிரை

ஜுமாதில் கைபேசியை மூக்கருகே வைத்துக்கொண்டு அந்தப் பின்னூட்டத்தை மறுபடி படித்தார். முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

'அருமையான வரலாறு அண்ணே. ஒரே ஒரு சந்தேகம். சாதிரும் மோல்தோயும் கூடப்பிறந்தவங்கன்னா, உங்க பையனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஏழாவது தகப்பன் ஒருத்தர்தானே? அப்புறம் கல்யாணம் எப்படி?'

எழுதியவர் ஓஷ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

தகப்பன் வழியில் ஏழு தலைமுறைக்குள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் வந்துவிட்டால் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. நாரின் ஊரில் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவனுக்கும் இது தெரியும். பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் வேலையில் இருக்கும் ஜுமாதிலுக்கும் தெரியும். வேலை முடிந்து வந்து, சுவர்க் கம்பளத்துக்கு முன்னால் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, மங்கோலியப் படைகளையும் கோகந்துக் கோட்டைகளையும் பற்றிப் பேசி வீடியோ போடுகிறவர் அவர். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வீடியோவையும், "ஆதாரம் இல்லாம நான் வாயைத் திறக்கிறதில்ல" என்றுதான் தொடங்குவார்.

அவர் மகன் தாலந்துக்கும் பெய்ஷெனின் மகள் ஜீபெக்குக்கும் நிச்சயம் ஆகி, பெண்ணின் காதில் தோடும் போட்டாகிவிட்டது. அந்தச் சமயத்தில் பெய்ஷென் ஒரு சின்ன ஆசையைச் சொன்னார். தன் வம்சத்து வீரர் சாதிரைப் பற்றிச் சம்பந்தி ஒரு வீடியோ போட்டால் நன்றாக இருக்கும். சாதிரைப் பற்றிக் கிடைத்த ஆதாரம் ஒரே ஒரு வரி. கோகந்துக் கானின் வரிவசூல்காரர்களை அவர் ஒருமுறை விரட்டி அடித்தாராம். ஒரு வரியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேச முடியாது. எனவே ஜுமாதில் தன் பங்குக்குத் தன் முன்னோர் மோல்தோயையும் போரில் இறக்கினார். இருவரையும் ஒருதாய்ப் பிள்ளைகள் ஆக்கினார். இருவருக்கும் சேர்த்து ஒரு சாம்பல் குதிரை கொடுத்தார். அதன் இடது காது கிழிந்திருந்தது. அந்தக் குதிரை அன்று காலை பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்றது.

கடைசியில், அந்த இரண்டு குடும்பமும் மறுபடி ஒன்று சேரப்போகிறது என்று பெருமையாக வேறு சொல்லி வைத்தார். குதிரையை வர்ணிக்கும் மும்முரத்தில் தலைமுறையை எண்ண மறந்துவிட்டார். சாதிர் பெண்ணுக்கு ஆறாவது தகப்பன். மோல்தோய் பையனுக்கு ஆறாவது தகப்பன்.

பின்னூட்டத்தைப் படித்த அன்று சாயங்காலமே திருத்தம் போட்டார். புதிய ஆதாரம் கிடைத்திருப்பதாகவும், அவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை, உயிர்த் தோழர்கள் என்றும் சொன்னார். அரை மணி நேரத்தில் பெய்ஷென் கூப்பிட்டார்.

"என்ன சம்பந்தி, தோழன்னு மாத்திட்டீங்க? அண்ணன் தம்பின்னு நான் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். கல்யாணத்துல மாட்டறதுக்குக் கம்பளத்துலயும் தச்சாச்சு. இப்ப நான் பொய்யனா?"

தோழமை சம்பந்திக்குப் போதவில்லை. சகோதரம் கல்யாணத்துக்கு ஆகவில்லை. ஜுமாதில் இரண்டு நாள் யோசித்தார். வண்டிகள் தாமதமாகக் கிளம்பின. மூன்றாவது வீடியோவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மோல்தோய் மேய்ச்சல் நிலத்தில் கிடைத்த அனாதைக் குழந்தை; சாதிரின் தகப்பனார் எடுத்து வளர்த்தார். ஆகவே அண்ணன் தம்பிதான், ஆனால் ரத்தம் வேறு.

பெய்ஷெனுக்குத் திருப்தி. பல் மருத்துவர்கூடக் கைதட்டும் படம் ஒன்று போட்டிருந்தார்.

மறுநாள் ஜுமாதிலின் பெரியப்பா மகன் கச்சின் நாலைந்து பங்காளிகளோடு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தேநீரைத் தொடவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

"போன வாரம் வரைக்கும் நம்ம பசங்களுக்கு ஏழு தகப்பன் இருந்தாங்கடா தம்பி," என்றார். "நீ ஆறோட நிறுத்திட்ட. ஏழாவது யாருன்னு எம்பையன் கேட்டா, புல்லுன்னு சொல்லவா?"

இது சரியாகிறவரை பங்காளிகளில் ஒருவரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் என்று அறிவித்துவிட்டு எழுந்தார். பெண் அழைக்கப் போவது யார், விருந்தில் இறைச்சி பங்கிடுவது யார் என்றெல்லாம் கேட்க ஜுமாதில் வாயெடுப்பதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

கிடைத்த குழந்தையைச் சாதிராக மாற்றிவிட்டால் என்ன என்று அவர் மெதுவாக ஆரம்பித்தபோது மனைவி சைரகுல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கமே போகாதீங்க. தோட்டைக் கழட்டித் தபால்ல அனுப்பிருவாங்க." சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "ஆமா, இதுல எதுதாங்க நிஜம்?"

"அந்த ஒரு வரி."

"குதிரை?"

"அது பக்கத்து வீட்டுது."

மாவைத் தட்டில் போட்டு மூடினாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் என்ன என்றாள். அதைவிடத் தொழிலையே விட்டுவிடலாம் என்றார் அவர். அவளுக்கு ஒரு கணம், பேருந்து நிலையத்தைச் சொல்கிறாரா வீடியோவைச் சொல்கிறாரா என்று புரியவில்லை. பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள்.

ஆட்பாஷி ஊருக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒஸ்மோன் என்று ஒரு பெரியவர் இருந்தார். அந்தப் பக்கத்து வம்சங்கள் எல்லாம் அவர் நாக்கில். பார்வை போய்ச் சில வருடம் ஆகிறது. ஆயுளில் ஒரு கைபேசியைத் தொட்டதில்லை என்று பேர். அவர் ஒன்று சொன்னால் பங்காளியும் பேசமாட்டான், சம்பந்தியும் பேசமாட்டான்.

"நீங்க இல்லாததைச் சொன்னீங்க. அவர் இருக்கிறதைச் சொல்வாரு. ரெண்டு பேரும் யாரோ எவரோன்னு அவர் வாயால வந்துட்டாப் போதும்," என்றாள். "உங்களுக்குக் கிடைச்ச புத்தகத்துல தப்புன்னு சொல்லிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களில் போனார்கள். தாலந்த் ஓட்டிய காரில் ஜுமாதிலும் பெய்ஷெனும். பின்னால் கச்சினும் பங்காளிகளும். ஜீபெக் முந்தின நாள் தாலந்துக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'உங்க அப்பாகிட்ட இன்னும் எத்தனை வீடியோ பாக்கி?'

பெரியவர் வீட்டில் விரிப்பைப் போட்டு, ரொட்டியும் பாலேடும் வைத்தார்கள். தலையில் துணி கட்டிய மருமகள் ஓரமாக உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். பெரியவர்கள் முன்னால் மருமகள் பேசுவதில்லை. பெய்ஷென் வந்த காரணத்தைச் சொல்லும்போது அவள் நிமிரவில்லை. ஜுமாதில் தொண்டையைச் செருமி, "பெரியவரே, ஆதாரம் இல்லாம நான் வாயைத் திறக்கிறதில்ல" என்று ஆரம்பித்தபோது அவள் சடாரென்று தலை தூக்கினாள். கிண்ணம் தளும்பி விரிப்பில் கொஞ்சம் சிந்தியது.

ஒஸ்மோன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வீட்டு வரிசையையும் தகப்பன் தகப்பனாகச் சொன்னார். ஒரு பெயரிலும் தடுக்கவில்லை. ஆறாவதில் நிறுத்தினார்.

"சாதிர், மோல்தோய். ஒரே மார்ல பால் குடிச்சவங்க," என்றார். "கூடப்பிறந்தவங்கய்யா. கோகந்துக்காரனை விரட்டப் போனப்போ ரெண்டு பேருக்கும் ஒரே குதிரை. சாம்பல் குதிரை. இடது காது கிழிஞ்சிருக்கும்."

கச்சின் முழந்தாளில் அறைந்துகொண்டார். பெய்ஷென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஜுமாதிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புத்தகம் சொல்லாததை, யாரும் சொல்லித் தராததை, தன் ரத்தமே தன் நாக்கில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குதிரையை அவர் மறந்தே போனார்.

எழுந்து நின்றார்.

"சம்பந்தி, மன்னிச்சிருங்க. இனி சம்பந்தின்னு கூப்பிடக்கூடாது, தம்பின்னுதான் கூப்பிடணும். கல்யாணம் இல்ல. உண்மைக்கு முன்னாடி நாம யாரு?"

குரல் தழுதழுத்தது. மகனின் கல்யாணம் நின்றுபோன தகப்பனின் குரலுக்கு அதில் சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பங்காளிகள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அடுத்த வீடியோவுக்கான முதல் வாக்கியம்கூட அவருக்குத் தோன்றிவிட்டது. தாலந்த் யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். ஜுமாதில் கடைசியாக நடையில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, மருமகள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"தேநீர் சிந்துனதுக்குக் கோவிச்சுக்காதீங்க அண்ணே, உங்க குரலைக் கேட்டதும் கை தவறிருச்சு, மாமாவுக்குக் கண்ணு போனதுலேருந்து தினம் சாயங்காலம் உங்க வீடியோவைத்தான் என் போன்ல போட்டு அவர் காதோரமா வைக்கிறேன், அந்தக் காது கிழிஞ்ச குதிரைக் கதையை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாரு."