நடு ஆற்றில் ஒரு வாக்காளர்

நீர்மாலை நாட்டை அதிவீரகண்டன் ஆண்டபோது அங்கே வஞ்சிக்கொடி என்றொரு பரிசல்காரி இருந்தாள். பஞ்சம் வந்த வருடம் அரண்மனைக் கிடங்கின் பூட்டை உடைத்து ஊருக்குச் சோளம் அள்ளிக் கொடுத்தவள் அவள். நீதிபதி இரக்கமுள்ளவர். சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து, நன்னடத்தையின் பேரில் அவளை வெளியே விட்டார். ஒழுங்காக இருந்தால் தண்டனை இல்லை. நிபந்தனையை மீறினால் சிறை.

கண்காணிக்கப் பரிதியப்பன் என்ற அதிகாரியை நியமித்தார்கள். வாரந்தோறும் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அரசனைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நெருங்க நெருங்க அவள் போகுமிடமெல்லாம் கூட்டம் சேர்ந்தது. தலைமை அமைச்சருக்குத் தூக்கம் கெட்டது. நன்னடத்தையில் இருப்பவர்கள் கூட்டத்தில் நிற்கக்கூடாது என்று ஆணை போட்டார். வஞ்சிக்கொடி சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். அக்கரையில் கால் வைக்கக்கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. அவள் பயணிகளை நடு ஆறுவரை கொண்டுபோய் எதிரே வரும் பரிசலில் ஏற்றிவிட்டாள். பிழைப்பு பாதியானது. அதைப் பார்க்கவே கரையில் ஜனம் திரண்டது.

உடனே இன்னோர் ஆணை. இனி மீறலை நிரூபிக்கச் சாட்சி தேவையில்லை, அதிகாரிக்கு அப்படித் தோன்றினாலே போதும்.

வாக்களிக்காமல் இருப்பது அந்நாட்டில் குற்றம். தேர்தலுக்குச் சற்று முன்னால் அவள் ஊரின் வாக்குச்சாவடியை அக்கரைக்கு மாற்றினார்கள். போனாலும் மீறல், போகாவிட்டாலும் மீறல்.

தேர்தலன்று காலை வஞ்சிக்கொடி பரிசலை நடு ஆற்றுக்குத் துழாவிப்போய் மூங்கிலை ஊன்றி நிறுத்தினாள். இரு கரையும் ஆட்களால் நிரம்பியிருந்தது. சாவடி அதிகாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, பெட்டிய இங்க கொண்டாங்க. நான் ஓட்டும் போடணும், கரையும் ஏறக்கூடாது."

ஆறே சிரித்தது போலிருந்தது. இருந்த பரிசலையெல்லாம் தள்ளிக்கொண்டு ஜனம் அவளை நோக்கி வந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியே வந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் நடு ஆற்றில் பெருங்கூட்டம். பெட்டி வரவில்லை. காவலர் படகுதான் வந்தது. அவளைப் பிடித்து நேராக நீதிமன்றம் கொண்டுபோனார்கள்.

நிபந்தனையை மீறினாளா என்று நீதிபதி கேட்டார். பரிதியப்பன் முன்னால் வந்து நின்றார்.

"அவ கரையேறல ஐயா. கூட்டந்தான் அவளத் தேடிப் போச்சு."

தலைமை அமைச்சர் எழுந்தார். "உமக்கு என்ன தோன்றுகிறது என்பதை மட்டும் சொல்லும். நடந்ததைச் சொல்லி மன்றத்தின் பொன்னான நேரத்தை வீணாக்காதீர்."

பரிதியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மீறியதாகத் தோன்றுகிறது என்றார். நீதிபதிக்கு வேறு வழியில்லை. நன்னடத்தை ரத்தானது, நிறுத்திவைத்த தண்டனை உயிர்பெற்றது. வஞ்சிக்கொடியை உள்ளே தள்ளிச் சிறைக்கதவைச் சாத்தினார்கள். ஓட்டுப் போடவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வெளியே நடந்தது அவளுக்குத் தெரியாது. அந்நாட்டில் விரும்பிய எவர் பெயரையும் எழுதி வாக்களிக்கலாம். செய்தி பரவப் பரவ ஜனம் சாவடிகளுக்கு ஓடியது. ஈரத்துணியோடு வரிசையில் நின்றது. எண்ணி முடித்தபோது எல்லாப் பெட்டியிலும் அவள் பெயர்தான். குற்றவாளி எப்படி ஆளலாம் என்று அரசன் கொதித்தான். குற்றவாளி பதவிக்கு வரக்கூடாது என்ற தடையை நீக்கியதே அவன்தான், தண்டனை பெற்ற மைத்துனனை அமைச்சனாக்குவதற்காக.

தலைமை அமைச்சர் சிறைக்கு ஓடிவந்தார். தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, குனிந்தபடியே நின்றார்.

"அரசியாரே, தங்கள் நன்னடத்தையை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. அதிவீரகண்டனை உள்ளே வைக்கும் ஆணை தயார்."

"அவர விடுங்க," என்றாள் வஞ்சிக்கொடி. "இனிமே ஆட்சியில உக்கார்றவங்கதான் நன்னடத்தையில இருக்கணும். என் பேரு முதல்ல. அடுத்து உங்க பேரு."

"கண்காணிக்கும் அதிகாரி?"

அவள் வாசலைக் காட்டினாள். வெளியே கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. அமைச்சர் எட்டிப் பார்த்தார்.

"அவர்களுக்குத் தோன்றினாலே போதுமா?"

"சேச்சே. சாட்சி வச்சு, நடந்தத நடந்தபடி நிரூபிக்கணும்."

அமைச்சர் அப்போதுதான் நிஜமாகப் பயந்தார்.