பழவேற்காட்டுக்கு வான்வழித் தூரம்

கோரைத்திட்டு என்ற ஊருக்கும் பழவேற்காட்டுச் சந்தைக்கும் நடுவே ஏரி கிடக்கிறது. கோல் ஊன்றிப் படகைத் தள்ளினால் மூன்று மணி நேரம். அதற்குள் வெயில் ஏறி, நண்டு விற்கப் போகும் செவ்வந்தியின் கூடையில் பாதி நண்டு செத்துவிடும். செத்த நண்டை ஒருவரும் தொடமாட்டார்கள். ஆகையால் மோட்டார் படகு கேட்டு மனு எழுதிக்கொண்டு, அவளும் ஊர்த்தலைவர் திருவேங்கடமும் பொன்னேரிக்கு, நீர்வழி இணைப்பு அலுவலகத்துக்குப் போனார்கள்.

அதிகாரி விஜயராகவன் மனுவை மரியாதையாகப் படித்தார். "தூரமும் பயண நேரமும் அங்கீகரிக்கப்பட்ட இணையதளத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது ஆணை," என்றார்.

அங்கீகரிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அதிகாரிகள் வெளிநாடு போய்ப் படகுத்துறைகளைப் பார்வையிட்டு வருவதற்காக வாங்கியது. விமான நிலையத்துக்கு விமான நிலையம் தூரம் சொல்லும்.

"சென்னை, டொராண்டோ என்று போட்டால் புள்ளி பிசகாமல் வரும், பாருங்கள்," என்று பெருமையாகக் காட்டினார். பிறகு இவர்கள் ஊரைப் போட்டார்.

"கோரைத்திட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையம் சென்னை. பழவேற்காட்டுக்கு அருகிலுள்ளதும் சென்னை. ஆக, தூரம் பூஜ்யம். பயண நேரம் பூஜ்யம்."

"இன்னா சார் சொல்றீங்க? அப்போ நான் இப்பவே சந்தையிலதான் குந்தினு இருக்கேனா?" என்றாள் செவ்வந்தி.

"கோப்பின்படி, ஆம். புறப்படவே தேவையில்லாத பயணத்துக்குப் படகு வழங்க விதியில்லை."

"பொறப்படாமலே நண்டு ஏன் சார் சாவுது?"

"அது வேறு துறை."

திருவேங்கடம் துண்டை உதறினார். "வாம்மா போலாம். அந்தப் பொட்டியை ஏரியில எறக்கினாதான் அதுக்குப் புத்தி வரும்."

செவ்வந்தி நகரவில்லை. "சார், எங்க ஊரு எளாவூர் பக்கமாச்சே. அந்தாண்ட ஆந்திரா. திருப்பதியிலகூட ஏரோப்ளேன் எறங்குதாமே. எங்க ஊருக்கு அத்தப் போட்டுப் பாருங்களேன்."

போட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. விஜயராகவன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"இவ்வளவு தொலைவிலா இருக்கிறீர்கள்! முதலில் உட்காருங்கள்," என்று டீ சொல்லி அனுப்பினார்.

மறுமாதமே படகு வந்தது. கோப்பு வான்பயணத் தலைப்பில் நகர்ந்ததால் அதற்குரிய விதிகளும் கூடவே வந்தன. இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்து நிற்கவேண்டும். கூடையை எடை போடவேண்டும். இடுப்பில் பெல்ட் மாட்டவேண்டும். படகுக்குக் கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது. ஆனாலும் நான்கு இருக்கைகளில் 'ஜன்னல்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அரை மணியில் அக்கரை. காத்திருப்பது இரண்டரை மணி. கூட்டினால் அதே பழைய மூன்று மணிதான். ஊர் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கத்தான் செய்தது, அந்த நான்கு ஜன்னலுக்காக.

ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை விடுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைப்பது அங்கே பரம்பரை வழக்கம், பாடு என்பார்கள். திருவேங்கடம் ஜன்னலுக்கும் பாடு வைத்தார். முறை தவறி உட்கார்ந்த கஸ்தூரியம்மாளை விசாரிக்க ஊரே கூடியது.

"நடுவுல குந்தினா இன்னாக்கா? அங்கயும் அதே காத்துதான?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அப்போ நீ குந்துடி நடுவுல!"

வெள்ளிக்கிழமை செவ்வந்தியின் முறை வந்தது. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, காத்திருக்க வேண்டியதெல்லாம் காத்திருந்து, ஏறி, பெல்ட் மாட்டி, இல்லாத ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள். படகு கிளம்பியது. நடு இருக்கையிலிருந்து கஸ்தூரியம்மாள் குனிந்து கூடையைப் பார்த்தாள்.

"அடியே, உன் நண்டு அத்தினியும் செத்துப்போச்சுடி!"

செவ்வந்தி திரும்பவில்லை.

"சாவட்டும்க்கா. நீ ஜன்னலை மறைக்காத."