டப்பா சாருக்கு எதிரே ஒரு ஸ்டூல்

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும், மறதியும் சேர்ந்துகொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டப்பா சாரைப் போல என்னைத் திடுக்கிட வைத்த மனிதர் திருவொற்றியூரில் கிடையாது. எண்ணூர் வரை தேடினாலும் கிடையாது.

காலேஜில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. கம்ப்யூட்டர் புதிதாக வந்த நேரம். எண்ணூர்ப் பிள்ளைகள் கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி வகுப்புக்கே வந்து சேர முடியவில்லை என்று, எண்ணூரிலேயே ஒரு அறை பிடித்து லைன் போட்டார்கள். பாதிப் பேருக்கு நேரில், பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரில் பாடம். அவர்களுக்கு சார் முகம் தெரியும். சாருக்கு அவர்கள் குரல் மட்டும்தான், அதுவும் பேசினால். அவர்கள் பேசவே மாட்டார்கள்.

முதல் நாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சார் கம்ப்யூட்டரிடம், "இன்னாப்பா, சாப்ட்டீங்களா? அங்க மழையா?" என்று விசாரிக்கிறார். பதில் இல்லை. மறுநாள் அதன் முன்னால் டீ கிளாஸை வைத்து, "ஆறிடப் போவுது, எட்த்துக்க" என்றார். பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஒருநாள் லைன் அறுந்ததும், பாதி வாக்கியத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூருக்கே போய் மீதியைச் சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைகள் அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவின் பேரால் டப்பா சார் என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

காலேஜை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் காதுக்கும் போனது. "அந்தாண்ட ஒருத்தனும் இல்ல. சும்மா டப்பாகிட்ட பேசிகினு கீறாரு. வெள்ளிக்கெழமை வருவேன். அந்தாண்டேந்து சத்தம் வரலன்னா எண்ணூர் ரூமை மூடிடுவேன்" என்றார். மூடினால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு அத்தோடு சரி.

சார் நேராக என்னிடம் வந்தார். "ஆயாம்மா, துடப்பத்த வெச்சுட்டு எதிர்ல இந்த ஸ்டூல்ல குந்துங்க. எண்ணூர்ப் பசங்களுக்குப் பதிலா பாத்துப் பேச எனக்கு ஒரு மூஞ்சி வேணும். புரியலன்னா சொல்லணும்."

"நானா? உங்களுக்கு இன்னா சார் ஆச்சு?"

வெட்கம் பிடுங்கியது. மூன்று நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"பொய்யா ஆட்டாதீங்க ஆயாம்மா. அங்கியும் இப்டித்தான் ஆட்டிகினு இருப்பாங்க. எனக்குத்தான் தெரிய மாட்டுது."

வெள்ளிக்கிழமை கரஸ்பாண்டன்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடம், பம்பு. தண்ணீரை பம்பு இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் மேலே தள்ளுகிறது என்றார் சார். "புரிஞ்சுதா?" இங்கே எல்லாத் தலையும் ஆடியது. டப்பா மௌனம். கரஸ்பாண்டன்ட் வாசல் பக்கம் திரும்பினார்.

"புரியல சார்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். என் வாய்தான். அது அதோடு நிற்கவும் இல்லை. "எங்க தெரு அடிபம்புல மொதல்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்துனாத்தான் தண்ணி வரும். காத்தே தள்ளுதுன்னா அந்த சொம்பு எதுக்கு?"

டப்பா கரகரத்தது. "சார், எங்களுக்கும் அதான் சார் புரியல."

"எங்க வூட்டாண்ட பம்பும் அப்டித்தான் சார்." இது ஒரு பெண்.

"முந்தாநாளு பாடமும் புரியல சார்."

ஒருவர் மேல் ஒருவராக அத்தனை குரல். கரஸ்பாண்டன்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அறை மூடப்படவில்லை. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்று டப்பாவைக் கெஞ்சினார்.

பம்புக்குள் இருக்கும் தோல் காய்ந்தால் காற்று கசியுமாம்; அந்த ஒரு சொம்பு அதை அடைக்குமாம். அப்படித்தான் சார் சொன்னதாக நினைவு. படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் நான் காதில் வாங்கியதுதான் தப்பு. அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.