சின்னராசாவின் கெரம் மண்டபம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று கீழே வைத்துவிட்டு எழுந்து நின்ற சின்னராசா, வீட்டுப் பின்கோடியில் கெரம் மண்டபம் கட்டப்போவதாக அறிவித்தான். கேட்டது இரண்டே பேர். ஒன்று அவன் பெஞ்சாதி விஜயலெட்சுமி, மற்றது கோழி. கோழிதான் முதலில் எழுந்து போனது.

கொஸ்லந்தைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற தோட்டம் அது. அங்கே காசு கொடுத்தாலும் சமதரை கிடைக்காது. வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்தபோது இவர்களுக்குப் பின்கோடியில் வாய்த்தது ஒரே ஒரு துண்டு. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஆனாலும் அந்தத் துண்டுக்குத்தான் வீட்டில் அடிபிடி. குடிவந்த நாளிலிருந்து விஜயலெட்சுமி அங்கே ஒரு துவைக்கிற கல் கேட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்து பறித்து வந்த இடுப்போடு அழுக்குத் துணி வாளியையும் தூக்கிக்கொண்டு, பாதாளத்தில் தண்ணி கொட்டுகிற பீலிக்கு இறங்கி ஏறுகிறவள் அவள். சின்னராசாவுக்கோ பௌர்ணமிப் போயா லீவுக்குக் கூட்டாளிகளோடு கெரம் விளையாட ராஜ மண்டபம் வேண்டும்.

சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றான்.

"சரிங்க, கட்டுங்க" என்றாள் அவள்.

சின்னராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் இவனுக்குச் சரி சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் அவளை யாரும் கேட்கவில்லை. சந்தோசத்தில் அந்த ஞாயிறே பண்டாரவளைக்கு பஸ் ஏறினான். அவளும் கூடவே ஏறினாள்.

புஹாரி முதலாளியின் ஹார்ட்வேர் கடையில், முகம் தெரிகிற மாதிரி வெள்ளை டைல்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சின்னராசா சிரித்தான். நம்ம ஊர்ப் பனிக்கு அதில் கால் வைத்தால் கீழே கொஸ்லந்தையில் போய்த்தான் எழும்ப வேண்டும் என்றான். சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸைப் பொறுக்கி எடுத்தான். பெண்டாட்டி சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறவன்தான் ஆம்பிளை என்பது அவனுடைய நெடுநாள் கொள்கை. தோட்டம் முழுக்கத் தெரிந்த கொள்கை. விஜயலெட்சுமிக்குத் தெரியாமல் இருக்குமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

வேலை அமர்க்களமாகத் தொடங்கியது. தேயிலை ஸ்டோரில் மெஷின் பார்க்கிற கை, சீமெந்தைக் குழைக்கக் கூச்சப்படவில்லை. காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற அவசரத்திலும் விஜயலெட்சுமி எட்டிப் பார்த்துத் தடை போடுவாள்.

"தரைய மட்டமா போடுங்க. சாய்ச்சிட்டீங்கன்னா தண்ணியெல்லாம் என் லீக்ஸ் பாத்திக்கு வந்துரும்."

மட்டமாகப் போட்டால் மழைத்தண்ணி தேங்காதா? பாசி பிடிக்காதா? சின்னராசா லீக்ஸ் பாத்தியைப் பார்த்தே சாய்த்தான். போதாததற்குத் தண்ணி ஓட ஒரு கானும் வெட்டிவிட்டான்.

கிளாஸ் கழுவத்தான் நான் இருக்கிறேனே, பைப் எதுக்கு என்றாள். ஆட்டத்துக்கு நடுவே இவள் வந்து நிற்பதா? மறுநாளே பைப் வந்தது. கெரம் போர்டு வைக்கிற மேடை முழங்கால் உயரம் போதும் என்றாள். இடுப்பு உயரத்துக்குக் கட்டினான். நாலு மூலையும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று தரையிலிருந்து குச்சி வைத்து அளந்தான். குச்சியைப் பிடித்துக்கொண்டவள் விஜயலெட்சுமி. அந்த ஒரு விசயத்தில் மட்டும் அவள் மறுப்பே சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னா அருமையா கட்டுறீங்க தம்பி. எங்க வீட்டுக்காரர கொஞ்சம் அனுப்பவா, பாத்துப் படிச்சுக்கட்டும்" என்றாள். சின்னராசாவுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. ரெங்கம்மாவும் விஜயலெட்சுமியும் பார்த்துச் சிரித்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

போயா அன்று திறப்பு விழா. ரஜீவும் மற்றக் கூட்டாளிகளும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். புதுசாக எதைக் கட்டினாலும் பால் பொங்க வேண்டுமே. டைல்ஸ் நடுவில் மூன்று செங்கல் வைத்து, காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி போட்டு, பானையை ஏற்றினான். பால் நுரைத்துப் பொங்கி வழிந்தது. வழிந்த பால் அங்கே இங்கே பார்க்காமல் நேராகக் கானுக்குப் போய், கானிலிருந்து லீக்ஸ் பாத்திக்குப் போனது. ஒரு சொட்டுத் தேங்கவில்லை. ரெங்கம்மாவோடு வேலியோரம் நின்ற பெண்கள் கூட்டம் கை தட்டியது. சின்னராசா எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான்.

மேடையில் போர்டை வைத்தார்கள். பவுடர் தூவினார்கள். காய்களை அடுக்கி, நடுவில் சிவப்பை வைத்துவிட்டுக் கையை எடுத்தான் சின்னராசா. காய்கள் மெதுவாக நகர்ந்தன. பிறகு வேகமாக நகர்ந்தன.

"அண்ணே, அடிக்காமலே ரெட் உள்ள போயிருச்சி" என்றான் ரஜீவ்.

சாய்ந்த தரையிலிருந்து நாலு பக்கமும் ஒரே உயரம் அளந்தால் மேடை எப்படி நிற்கும்? அதுவும் பாத்தியைப் பார்த்தே சாய்ந்து நின்றது. அட்டை மடித்து முட்டுக் கொடுத்தார்கள். அட்டை நின்றது, போர்டு வழுக்கியது. கூட்டாளிகள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ரஜீவ் வீட்டில் தரை மட்டம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அப்போதுதான் விஜயலெட்சுமி அழுக்குத் துணி வாளியோடு வந்தாள். பைப்பைத் திறந்தாள். பெட்சீட்டை மேடையில் போட்டு நாலு அடி அடித்தாள். நுரை பாடிக்கொண்டே பாத்திக்கு ஓடியது.

"ஒசரம் அளவா இருக்குங்க. குனியவே வேணாம்."

"சாய்வு வேணாம்னு நீதானடி சொன்ன?"

"வேணும்னு சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களா?"

 சின்னராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே பழைய கொள்கையைத் தூக்கி எறிந்தான். "இனிமே ஒன்கிட்ட ஏமாற மாட்டேன். நீ என்னா சொல்றியோ அத அப்புடியே செய்வேன், பாரு" என்றான்.

விஜயலெட்சுமி சவர்க்காரத்தை அவன் கையில் வைத்தாள்.

"சரிங்க. அப்ப மிச்சத்த தொவைங்க."