பிரேக் இல்லாத பக்கம்

மகள் இண்டிகேட்டர் போடாமலே வண்டியை இடப்பக்கம் திருப்பினாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா என்றால் சாதாரண அப்பா இல்லை. முடி நரைக்கும்வரை டிரைவிங் ஸ்கூல் நடத்திய மாஸ்டர். அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் அந்த வட்டாரத்தில் யாரும் கிடையாது. ஸ்கூலை விற்றுவிட்டார். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

அப்படிப்பட்ட மனுஷர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் காரணம் இருக்காதா?

மனைவி போனபிறகு மாஸ்டருக்குப் பேச்சுத்துணை என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மகள் காரில் வந்து ஏற்றிக்கொள்வாள். ஏரிக்கரை வரை ஒரு சுற்று. மற்ற நாளெல்லாம் பால்கனியில் நின்றுகொண்டு, கீழே வண்டி நிறுத்துகிறவர்களைப் பார்த்து, "லெஃப்ட்ல ஒடி! இன்னும் ஒடி!" என்று கத்துவார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. டிவியை அணைத்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம்தான். பொல்லாத தனிமை அது, எதிரிக்குக்கூட வரக்கூடாது.

அந்த ஞாயிறும் போன வாரம் இல்லாமல் போயிற்று. "வேலை இருக்குப்பா, வரல" என்று மகள் போனை வைத்துவிட்டாள். மாஸ்டர் செருப்பை மாட்டினார். நேரே போய் சலூன்காரரிடம் புலம்பினார்.

"வண்டியில ஏறினதும் பொண்ணுகிட்ட என்ன சார் பேசுவீங்க?" என்று கேட்டார் சலூன்காரர்.

"என்ன பேசுவேன்? கிளட்ச்சுலேர்ந்து கால எடு, கண்ணாடியப் பாரு, எருமை மாதிரி நடுரோட்டுல போகாத..."

"அடப் பாவமே! கல்யாணம் ஆன பொண்ணை எருமைன்னா எப்படி சார் வருவா? தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே வாயைத் திறக்காதீங்க. அவ என்ன செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க."

ஆக, இன்றைக்கு மௌன விரதம்.

மகள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். சிக்னலில் பச்சை விழுந்ததும் மூன்றாவது கியரில் கிளப்பினாள். வண்டி குலுங்கி, இருமி, அணைந்துபோனது.

"பரவால்லம்மா," என்றார் மாஸ்டர். "நல்லா ஓட்டுற."

பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. "என்னப்பா சொன்னீங்க?"

"நீ நல்லா ஓட்டுறன்னு சொன்னேன்."

"தலை கிலை சுத்துதாப்பா?"

"அதெல்லாம் இல்லம்மா. நீ ஓட்டு."

அவள் மறுபடி கிளப்பினாள், ஹேண்ட்பிரேக்கை இறக்காமலே. மாஸ்டருக்கு உயிரே போயிற்று. அடுத்தவன் வண்டி என்றாலே தாங்கமாட்டார். இது மகள் வண்டி. கொஞ்ச தூரத்தில் கருகல் நாற்றம் உள்ளே வந்தது.

"ஏதோ வாசனை வருதுல்லப்பா?"

திட்டு தொண்டைவரை வந்துவிட்டது. அப்படியே முழுங்கினார். "ஆமாம்மா. நல்ல வாசனை."

மகள் முகம் வெளுத்தது. வண்டியை ஓரம் கட்டினாள்.

"அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?"

"நீ என்ன கிழமைன்னு சொல்றியோ அதே கிழமைம்மா."

அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக் இறங்கியது. வண்டி நாலு சந்து புகுந்து, அலுங்காமல் குலுங்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். சிரிக்கச் சொன்னார், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மகள் இன்னும் பயந்தாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு," என்றார் டாக்டர். "அடிக்கடி கோபம் வருமா?"

"வரவே வராதுங்க," என்றார் மாஸ்டர்.

"அதுதான் டாக்டர் பிரச்சனையே!" மகள் குரல் உடைந்தது. "எங்கப்பாவுக்குக் கோபம் வரல. இன்னிக்குப் பூரா ஒரு தடவைகூட என்னைத் திட்டல."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பேஷண்டைப் படுக்க வைப்பது என்று அவருக்கே குழப்பம். கடைசியில், "எதுக்கும் ரெஸ்ட் எடுக்கட்டும்," என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வராந்தாவில் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமை வண்டியில அலைய வேண்டாம்ப்பா. வீட்டோட ஒரு ஆளப் போட்டுடறேன். உங்கள நல்லாப் பார்த்துப்பாங்க."

வாயை மூடினால் மகள் விடாமல் வருவாள் என்று பார்த்தால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே! இருந்த ஒரு ஞாயிறும் போச்சு. வேண்டாம் என்று கதறத் தோன்றியது. ஆனால் காலையிலிருந்து பழகின வாய், "நீ சொன்னா சரிம்மா" என்றது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனாள்.

மூச்சு வாங்க ஓடிவந்தார் மாப்பிள்ளை. "என்ன மாமா ஆச்சு? அவ போன்ல அழறா!"

அதற்குமேல் மாஸ்டரால் முடியவில்லை. மளமளவென்று கொட்டிவிட்டார். "ஒரு வியாதியும் இல்ல மாப்பிள்ளை. வண்டியில ஏறினதும் நான் திட்டுற திட்டு தாங்காமத்தான் போன வாரம் அவ வரலன்னு நெனச்சேன். அவளும் விடாம ஒண்ணு மாத்தி ஒண்ணு தப்புப் பண்றா, எனக்கும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் இன்னிக்கு வாயைக் கட்டினேன். இப்ப அவ வரவே மாட்டா போலிருக்கே!"

"போன வாரமா? வண்டி சர்வீசுக்குப் போயிருந்தது மாமா. பஸ்ல போய்ப் பார்த்துட்டு வாயேன்னேன். வண்டி இல்லாமப் போனா அப்பாகிட்ட என்னத்தப் பேசறதுன்னு கேட்டா."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"தெனமும் அவ ஓட்டுற வண்டியில நிம்மதியாத் தூங்கிட்டு வர்றவன் நான். நீங்க ஏறி உட்கார்ந்தா மட்டும்தான் மாமா, அவளுக்கு வண்டி ஓட்டவே தெரியாமப் போயிடுது!"