ரப்பர் அண்ணன் கழற்றிய ரேம்

காரைக்குடியில் கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மெக்கானிக் ரப்பர் அண்ணன்தான். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் டிசைனராக இருந்த கல்யாணப் பத்திரிகைக் கடைக்குள் வந்ததும் என்னிடம், "தள்ளுடா அங்குட்டு" என்பார். கம்ப்யூட்டரிடம் குனிந்து, "நேத்து மூணு தடவ படுத்துட்டீகளாமே? என்ன செய்யுது?" என்பார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதலில் அதன் நினைவுப் பட்டையான ரேமைக் கழற்றுவார். அதன் தங்க நிறப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்ப மாட்டுவார். பாதி கம்ப்யூட்டர்கள் அதிலேயே எழுந்துவிடும். எழாதவற்றுக்கு டெஸ்ட். ஒவ்வொரு ரேமாகத் தனியே மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்ப்பார். நடுவில் நான் தும்மினால்கூட முறைப்பார்.

எங்கள் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டே இருந்த ஒரு முகூர்த்த சீசனில் அந்த டெஸ்ட் நடந்தது. திரையில் சிவப்பு வரிகள் வந்தன.

"முதலாளி, இவுகளுக்கு ஞாபகக் கோளாறு."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஐயையோ! அப்ப பத்திரிகை எல்லாம் மறந்துருச்சா?"

"அதெல்லாம் டிஸ்குல பத்திரமா இருக்கு. கையில வச்சுப் பாக்குற வேலையத்தான் கீழ போட்டுடுறாக. ரெண்டு ரேம்ல ஒண்ணு கெட்டுப்போச்சு."

கெட்டதைக் கோயில் திருநீற்றுத் தாளில் மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "புதுசு வர்ற வரைக்கும் ஒண்ணுலயே ஓடட்டும். இதத் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்" என்று எனக்குத் தனியாகச் சொன்னார்.

தொட்டேன். ஒரே ரேமில் கம்ப்யூட்டர் மாட்டு வண்டியாக ஊர்ந்தது. வேலை குவிந்து கிடந்தது. நானும் ஒரு ரப்பர் வாங்கி, தேய்தேய் என்று தேய்த்து, யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டேன். இரண்டு நாள் கம்ப்யூட்டர் பறந்தது. இவ்வளவுதானா இவர் வித்தை என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

மூன்றாம் நாள், நாட்டரசன்கோட்டைக் கல்யாணப் பத்திரிகையைச் சேமிக்கும்போது திரை நீலமானது. திரும்பத் திறந்தால் தாய்மாமன்கள் அத்தனை பேரும் எழுத்தெல்லாம் போய்க் கட்டம் கட்டமாக நின்றார்கள். ஒரு மாமன் பெயர் விட்டுப்போனாலே பந்தலில் சண்டை வரும். இங்கே ஒரு மாமன்கூட மிச்சமில்லை. பெண்ணின் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யாருடா இதுல கை வச்சது?" என்று முதலாளி கத்தினார்.

"ரப்பர் அண்ணன்தான் கடைசியாப் பாத்தாக" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவரை வரவழைத்தார்கள். மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு ரேம். என்னைப் பார்த்தார். நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன்.

"என் தப்புதான் முதலாளி. மறந்து மாட்டிட்டேன்" என்றார்.

"இனிமே இங்குட்டு வராதீக."

அத்தோடு முடியவில்லை. அந்தத் தெருவில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற மூன்று கடைகளும் ஒரே வாரத்தில் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. எல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. மாமன்களை மறுபடி டைப் அடித்தேன், சம்பளம் வாங்கினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

போன மாதம்தான் கோட்டையூரில் அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, அன்னைக்கு அத மாட்டுனது நான்" என்றேன்.

"தெரியும்டா. ஒரு பக்கக் கிளிப்பே பூட்டல. நான் அப்படியா மாட்டுவேன்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"உனக்கு இருந்தது அந்த ஒரு வேல. எனக்கு என்ன, நாலு கடை இருந்துச்சுல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் திட்டினார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்காவிட்டால் எனக்கு வாரம் ஓடுவதில்லை.