கியர் விழாத ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். காரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதற்குள் ஒரு மரண வீடே என்னால் சிரித்து முடித்திருந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் முதன்முதலில் ஓட்டோமெட்டிக் கார் கொண்டுவந்தவன் நான்தான். (ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்த கார். அந்த விவரத்தை நான் ஊருக்குச் சொல்லவில்லை.) பாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். புத்தியுள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். நானோ ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் அந்தோனியார் சொரூபத்தை ஒட்டினேன். பஸ்களில் பார்த்திருப்பீர்கள், டிரைவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சாமிக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்ப் பற்றும். எனக்கும் அது வேண்டும் என்று மருதானையில் ஒரு வயரிங்காரரைப் பிடித்து, பிரேக் லைட்டுக்குப் போகும் வயரில் இருந்து அந்தோனியாருக்கு ஒரு கிளை இழுப்பித்தேன். “இந்த மாதிரிக் காருக்கு இது சரிவராது, தம்பி” என்றார் அவர். அவருக்கு விசுவாசம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் ஒரே தங்கை ரோசி மாமி. சின்ன வயதில் என்னைத் தூக்கித் திரிந்தவ. வெள்ளவத்தையில் ஒரு சைவ வாத்தியாரைக் காதலித்துக் கட்டி, நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டா. அன்றோடு அப்பா அவவோடு கதைப்பதை நிறுத்தினார். இருபத்தாறு வருடம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான், அதை இரண்டு பேரும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இருக்கிறோம், மாமியின் மகள் வசந்தி போன் எடுத்தாள்.

“அத்தான், அம்மாக்கு நல்லா ஏலாமப் போச்சு. டொக்டரும் கையை விரிச்சிட்டார். நேத்துல இருந்து மாமாவைத்தான் கேக்கிறா. எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அப்பா குதிப்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவரோ உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டார். பிறகு சந்திக்கு நடந்து போய் ஒரு பை மங்குஸ்தான் வாங்கி வந்தார்.

“அவளுக்கு இது எண்டா உயிர்” என்றார். இத்தனை வருடத்தில் மாமியைப் பற்றி அவர் வாயில் இருந்து வந்த முதல் வார்த்தை அது.

வாசலில் சுனிலின் ஓட்டோ நின்றது. சுனில் என்னைவிட மூத்தவர், எங்கள் ஒழுங்கையிலேயே தமிழ் பழகிய சிங்களவர். “எங்க சேர், வெள்ளவத்தையா? ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்” என்றார். அப்பா ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டார்.

“கார் இருக்கேக்க என்னத்துக்கு ஓட்டோ? இறங்குங்கோ அப்பா!”

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு மாமி வீட்டு வாசலில் அப்பா ஓட்டோவில் போய் இறங்குவதா? நான் இறங்கி வந்து கார்க் கதவைத் திறந்துவிட வேண்டும், அவர் இறங்குவதை வெள்ளவத்தைக்காரர் பார்க்க வேண்டும். என் மண்டைக்குள் ஓடிய படம் இது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது. பிரேக்கை மிதித்துக் கியரை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். பார்க்கிங்கிலேயே இறுகிப்போய் நின்றது.

“மகன், அந்தோனியார் பத்தேல்லயே” என்றார் அப்பா.

“அப்பா, அவரைப் பிறகு பாப்பம்!”

(கியர் விழும்வரை காரைப் பற்றி யார் சொன்னதிலும் சரியான பேச்சு அது ஒன்றுதான். சொன்னவர் வாழ்நாளில் ஸ்டியரிங் தொடாத மனுசன்.)

எதிரில் சாமான் கடை வைத்திருந்த ஹுசைன் நானா ஓடி வந்தார். “பெட்டரி எறங்கியிருக்கும் தம்பி. தள்ளினாச் சரி.”

“நானா, எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருக்கு.”

“அப்ப ஏன் நிக்குது?” என்று அவர் என்னையே கேட்டார். பதில் இல்லாததால் தள்ளினோம். ஆறு பேர். கார் தொட்டில் போல ஆடியதே தவிர ஓர் அங்குலம் நகரவில்லை. அப்பா உள்ளே பையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து ஆடினார்.

“மகன், ஓட்டோவில போவம்.”

“அஞ்சு நிமிசம் அப்பா.”

தெரிந்த மெக்கானிக்குகளுக்கு எல்லாம் போன் அடித்தேன். ஞாயிறு, ஒருவரும் எடுக்கவில்லை. காரோடு வந்த கையேட்டை எடுத்தேன். அத்தனையும் ஜப்பான் எழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும் கியருக்குப் பக்கத்தில் ஒரு சாவியின் படம் இருந்தது. சாவியைக் கவனமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன்.

“ஓட்டோவில போவமே, மகன்.”

“இந்தா, இப்ப சரி வந்திரும்.”

சுனில் எட்டிப் பார்த்தார். “சேர், நான் ஒருக்காப் பாக்கவா?”

“இது ஓட்டோ இல்ல சுனில், ஓட்டோமெட்டிக்!” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சுனில் போய்த் தன் ஓட்டோவில் உட்கார்ந்து பேப்பர் விரித்தார்.

மூன்றாம் தரமும் அப்பா கேட்டார். இந்தத் தரம் குரல் கெஞ்சியது. “நேரம் போகுது, மகன்.” அப்போதும் நான் ஓட்டோவைக் கூப்பிடவில்லை. காரைப் பார்க்கச் சொல்லித்தான் சுனிலைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மூடியை நகத்தால் கிளப்பினார். எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவி, அதற்குள் விட்டு அழுத்திக்கொண்டு கியரை இழுத்தார். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

“பிரேக் லைட் பியூஸ் போயிருக்கு சேர். பிரேக் லைட் பத்தாட்டி இது கியரை விடாது” என்றவர், அந்தோனியாரைப் பார்த்தார். “இந்தச் சாமிக்கு வயர் குடுத்ததாலதான்.” முன்பு ஒரு துரையிடம் இதே மாதிரிக் கார் ஓட்டினவராம். ஒன்றே முக்கால் மணித்தியாலமாகப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பிரேக் லைட் இல்லாமல், பின்னால் வந்தவர்களின் ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு, காலி நகரத்துக்குப் போகும் பெரிய வீதியில் ஓட்டினேன். மாமியின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது யாரோ வாசலில் சனம் வந்து உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பதான் அத்தான்” என்றாள் வசந்தி. “பத்து நிமிசம்கூட இருக்காது. வாசலையே பாத்துக்கொண்டு இருந்தவ.”

கதவைத் திறந்துவிட நான் ஓடிப் போனேன். அப்பா தானே திறந்துகொண்டு இறங்கி, உள்ளே போனார். மங்குஸ்தான் பையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். மாமியின் நெற்றியில், பொட்டுக்கு மேலேயே கையை வைத்தார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் கதைத்தது இதுதான்:

“கியர் விழேல்லயடி, பிள்ள.”

அழுதுகொண்டிருந்த வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. ஒருவரில் இருந்து ஒருவராக வீடே சிரித்து, உடனே முன்னையைவிடப் பெரிதாக அழுதது. நான் சாவியும் கையுமாக வாசற்படியில் நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ யார் பிந்தி வந்தாலும், “என்ன, கியர் விழேல்லயோ?” என்றுதான் வரவேற்பு. அதைக் கூடுதலாகச் சொல்லிச் சிரித்தவர் அப்பாதான். ஒவ்வொரு ஞாயிறும் வசந்தியைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போவார், சுனிலின் ஓட்டோவில். காரில் வாங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். “ஓட்டோவில போவம் எண்டு மூண்டு தரம் சொன்னனானே, மகன்” என்று ஒரே ஒரு தடவை என்னை ஏசியிருக்கலாம். ஏசவே இல்லை. ஏசியிருந்தால், அந்தப் பகிடிக்கு நானும் மற்றவர்களைப் போலச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.